நாய்க்கு எந்த உணவு வாங்குவது? பையைத் திருப்பிப் பாருங்கள்

வீட்டில் நாய் இருக்கிறது என்று தெரிந்ததும் பெரும்பாலானவர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: "எந்த கம்பெனி சாப்பாடு நல்லது?" நான் பெயர் எதுவும் சொல்வதில்லை. ஒரே கம்பெனி போடுகிற ஒரு பை உங்கள் நாய்க்கு நன்றாக ஒத்துப்போகும், பக்கத்திலேயே அடுக்கியிருக்கிற இன்னொரு பை ஒத்துப்போகாது. போன வருடம் நன்றாக இருந்த உணவு இந்த வருடம் வேறு தொழிற்சாலையிலிருந்து வரலாம். அதனால் பெயர் சொல்வதற்குப் பதிலாக, கடையில் நின்று ஐந்து நிமிடம் செலவு செய்து பையைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள் என்றுதான் சொல்கிறேன். முன்பக்கத்தில் பளபளக்கும் முடியோடு ஒரு கோல்டன் ரிட்ரீவர் சிரித்துக்கொண்டிருக்கும், பக்கத்தில் வறுத்த கோழி, கேரட், பச்சைப் பட்டாணி. "பிரீமியம்", "நேச்சுரல்", "ஹோலிஸ்டிக்" என்று எழுதியிருக்கும். இந்தச் சொற்களைப் போடுவதற்கு நம் ஊரில் எந்த நிபந்தனையும் கிடையாது, அதனால் இவற்றைப் படிக்காமலே விட்டுவிடலாம்.

இந்தியாவில் இதை நாமே படித்துத்தான் ஆகவேண்டும் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நாம் சாப்பிடுகிற உணவுக்கு எஃப்எஸ்எஸ்ஏஐ என்கிற உணவுப் பாதுகாப்பு ஆணையம் இருக்கிறது. ஆனால் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் "உணவு" என்பதற்குக் கொடுத்திருக்கிற வரையறையிலேயே விலங்குகளுக்கான தீவனத்தை வெளியே வைத்துவிட்டார்கள். நாய், பூனை உணவுக்கென்று பிஐஎஸ் என்கிற இந்தியத் தர நிர்ணய அமைப்பு ஒரு தரக்குறியீடு வைத்திருக்கிறது, ஐஎஸ் 11968 என்று. விருப்பப்பட்ட நிறுவனம் பின்பற்றலாம் என்ற வகைதான் அது. ஆகவே நல்ல நிறுவனங்கள் அமெரிக்காவில் தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகளின் சங்கமான ஆஃப்கோ அல்லது ஐரோப்பாவில் செல்லப்பிராணி உணவு நிறுவனங்களின் கூட்டமைப்பான ஃபெடியாஃப் வகுத்த அளவுகளைத் தாங்களாகவே எடுத்துக்கொண்டு, அதைப் பையில் எழுதுகின்றன. இதிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆஃப்கோ எந்த உணவையும் பரிசோதிப்பதும் இல்லை, சான்றிதழ் கொடுப்பதும் இல்லை. "ஆஃப்கோ அங்கீகாரம் பெற்றது" என்று யாராவது விளம்பரம் செய்தால் அது தவறான தகவல்.

சரி, பின்பக்கத்தில் எதைத் தேடுவது? முதலில் ஒரே ஒரு வாக்கியம். "முழுமையான, சமச்சீரான உணவு" என்ற பொருளில், எந்த வயதுக்கு என்பதையும் சேர்த்து, சின்ன எழுத்தில் எழுதியிருப்பார்கள்: வளர்ந்த நாய்க்கு, அல்லது வளரும் குட்டிக்கு, அல்லது எல்லா வயதுக்கும். "காம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு" என்று இருந்தால் அதை மட்டும் தினமும் கொடுத்து நாயை வளர்க்கலாம். "காம்ப்ளிமென்ட்டரி" என்றோ, "இடையிடையே கொடுக்க" என்ற பொருளிலோ எழுதியிருந்தால் அது தொட்டுக்கொள்வதற்கு மட்டும். கடைகளில் விற்கிற கிரேவி பாக்கெட்டுகளில் இரண்டு வகையும் உண்டு, வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். காலையும் மாலையும் கிரேவி பாக்கெட் மட்டுமே கொடுக்கிற வீடுகளை எனக்குத் தெரியும். அவர்கள் இந்த ஒரு வரியையாவது பார்க்க வேண்டும். இந்த வாக்கியமே இல்லாத பையை நான் திரும்ப அலமாரியில் வைத்துவிடுவேன், விலை எவ்வளவாக இருந்தாலும்.

அந்த வாக்கியத்திலேயே இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. "ஆஃப்கோ அளவுகளின்படி தயாரிக்கப்பட்டது" என்றால் கணக்குப்படி சத்துகள் சரியாக இருக்கின்றன என்று பொருள். "நாய்களுக்குக் கொடுத்துச் சோதித்தது" என்றால் வளர்ந்த நாய்கள் குறைந்தது எட்டை எடுத்து, 26 வாரம் அந்த உணவை மட்டுமே கொடுத்து, எடையும் ரத்தமும் பார்த்திருக்கிறார்கள். எட்டு நாய், ஆறு மாதம் என்பது பெரிய ஆய்வு ஒன்றும் இல்லை, ஆனாலும் காகிதக் கணக்கோடு நிற்காமல் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள் என்பதற்கு அது அடையாளம்.

அடுத்தது சத்து விவரப் பட்டியல். புரதம் குறைந்தபட்சம் இவ்வளவு, கொழுப்பு குறைந்தபட்சம் இவ்வளவு, நார் அதிகபட்சம், ஈரம் அதிகபட்சம் என்று நாலைந்து வரி இருக்கும். உலர்ந்த துண்டுகளாக வருகிற ட்ரை ஃபுட்டில் புரதம் 24 சதவீதம் என்றிருக்கும், கிரேவியில் 8 சதவீதம் என்றிருக்கும். அதைப் பார்த்து கிரேவியில் சத்தே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கிரேவியில் 80 சதவீதம் தண்ணீர். தண்ணீரைக் கழித்தால் மீதி 20, அதில் 8 என்பது 40 சதவீதம். ட்ரை ஃபுட்டில் ஈரம் 10 என்றால் மீதி 90, அதில் 24 என்பது சுமார் 27 சதவீதம். இப்படித் தண்ணீரைக் கழித்துவிட்டுத்தான் இரண்டு உணவுகளை ஒப்பிட வேண்டும். ஆஃப்கோ கணக்கில் வளர்ந்த நாய்க்குக் குறைந்தபட்சப் புரதம் 18 சதவீதம், குட்டிக்கு 22.5, கொழுப்பு முறையே 5.5, 8.5. எல்லாமே தண்ணீரைக் கழித்த அளவு. ஓரளவு நல்ல உணவு எதுவும் இந்தக் கோட்டைச் சுலபமாகத் தாண்டிவிடும், ஆகவே "எங்கள் உணவில் புரதம் அதிகம்" என்ற ஒரே காரணத்துக்காக யாரும் ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுக்கத் தேவையில்லை.

இந்தக் கணக்கைத் தெரிந்துவைத்திருப்பதால் கிடைக்கிற இன்னொரு லாபம், மாவுச்சத்து எவ்வளவு என்று கண்டுபிடிக்கலாம். அதைப் பையில் எழுத மாட்டார்கள். புரதம் 24, கொழுப்பு 10, நார் 5, ஈரம் 10, சாம்பல் 9 என்று வைத்துக்கொண்டால் (சாம்பல் என்பது தாது உப்புகள்தான், அடுப்புச் சாம்பல் கிடையாது) கூட்டினால் 58. மீதி 42 மாவுச்சத்து. அதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. மனிதரோடு வாழத் தொடங்கிய பிறகு நாய்கள் மாவுச்சத்தைச் செரிக்கப் பழகிக்கொண்டன. ஓநாயிடம் இரண்டு பிரதியாக இருக்கிற, மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணு நாயிடம் பல பிரதிகளாகப் பெருகியிருக்கிறது என்று 2013-ல் வெளியான ஆய்வு காட்டியது. நம் ஊர் நாட்டு நாய்கள் தலைமுறை தலைமுறையாகச் சோறு தின்று வளர்ந்தவைதானே.

மூலப்பொருள் பட்டியலைப் பற்றிப் பேசும்போதுதான் பலருக்கும் குழப்பம் வருகிறது. சமைப்பதற்கு முன்னால் இருந்த எடையின்படி, அதிகமானது முதலில் என்ற வரிசையில் எழுதுவார்கள். "ஃப்ரெஷ் சிக்கன்" முதலில் இருந்தால் மக்களுக்கு மகிழ்ச்சி, "சிக்கன் மீல்" என்றிருந்தால் ஏதோ கழிவு என்று முகம் சுளிக்கிறார்கள். பச்சை மீனையும் கருவாட்டையும் நினைத்துக்கொள்ளுங்கள். பச்சைக் கோழியில் பத்தில் ஏழு பங்கு தண்ணீர், அது உணவு தயாராகும்போது ஆவியாகிப் போய்விடும், போன பிறகு பட்டியலில் எந்த இடத்தில் இருக்கும் என்று யாரும் எழுதுவதில்லை. மீல் என்பது கொழுப்பையும் தண்ணீரையும் எடுத்துவிட்டு அரைத்த தூள், எடைக்கு எடை அதில் புரதம் மிக அதிகம். நல்ல மீலும் உண்டு, மட்டமான மீலும் உண்டு, வெறும் பட்டியலைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. "சிக்கன் மீல்" என்று எந்த விலங்கு என்பதைச் சொல்லியிருப்பது "மீட் மீல்" என்று பொதுவாகச் சொல்வதைவிட மேல், அவ்வளவுதான் நான் அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துக்கொள்வது. ஈரலும் இரைப்பையும் "பை-ப்ராடக்ட்" என்ற பெயரில் வரும், அதுவும் நாய்க்குச் சத்தான உணவுதான், நம் வீட்டிலேயே ஈரல் வறுவலுக்குச் சண்டை நடக்கும்.

"சிக்கன் ஃப்ளேவர்" என்ற சொல்லைப் பார்த்தால் மட்டும் நிதானியுங்கள். அமெரிக்க விதிப்படி "சிக்கன்" என்று மட்டும் பெயர் வைத்தால், சேர்க்கும் தண்ணீரைக் கழித்து 95 சதவீதம் கோழி இருக்க வேண்டும், "சிக்கன் டின்னர்" போன்ற பெயருக்கு 25 சதவீதம், "வித் சிக்கன்" என்றால் 3 சதவீதம் போதும். ஃப்ளேவர் என்றால் நாய்க்குச் சுவை தெரிகிற அளவு இருந்தால் சரி. பேரே இவ்வளவு வேலை செய்கிறது.

பையின் பின்பக்கத்தில் நான் அதிக நேரம் செலவு செய்வது வேறொரு இடத்தில், யார் தயாரித்தது என்ற வரியில். நம் ஊர் பாக்கெட் பொருள் விதிகளின்படி அதைப் போட்டே ஆகவேண்டும். "தயாரித்தவர்" ஒருவராகவும் "விற்பனை செய்பவர்" வேறொருவராகவும் இருக்கும். ஒரே தொழிற்சாலையில் செய்து பல பெயர்களில் பை போட்டு விற்பது சர்வசாதாரணம். இது எவ்வளவு முக்கியம் என்று உலகத்துக்கே தெரிந்தது 2007 மார்ச்சில். கனடாவின் மெனு ஃபுட்ஸ் என்ற நிறுவனம் ஆறு கோடிக்கும் மேற்பட்ட கேன்களையும் பாக்கெட்டுகளையும் திரும்பப் பெற்றது. கடையில் அவை பல பிராண்டு பெயர்களில், பல விலைகளில் இருந்தன, உள்ளே போனது ஒரே இடத்தில் செய்த உணவு. சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் மெலமைன் என்ற வேதிப்பொருள் கலந்திருந்தது, அது சயனூரிக் அமிலத்தோடு சேர்ந்து நாய், பூனைகளின் சிறுநீரகத்தில் படிகமாகி அடைத்துக்கொண்டது. ஏன் மெலமைனைக் கலந்தார்கள் என்பதற்கான பதில் அந்தச் சத்துப் பட்டியலிலேயே இருக்கிறது. "க்ரூட் புரோட்டீன்" என்று எழுதியிருப்பார்களே, அதைப் புரதமாக நேரடியாக அளப்பதில்லை. உணவில் உள்ள நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்குகிறார்கள். மெலமைனில் நைட்ரஜன் நிறைய. சோதனையில் புரதம் கூடியதாகக் காட்டும், விலையும் கூடும். ஆகவே புரதம் எத்தனை சதவீதம் என்ற எண் அந்தப் புரதம் எங்கிருந்து வந்தது, எந்த அளவுக்குச் செரிக்கும் என்பதைச் சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியவர் தயாரித்தவர்.

இப்போது "கிரெயின் ஃப்ரீ" என்ற அலை நம் ஊருக்கும் வந்துவிட்டது. கோதுமை, அரிசி, சோளம் எதுவும் இல்லை, அதற்குப் பதிலாகப் பட்டாணி, பருப்பு, உருளைக்கிழங்கு. விலை ஒன்றரை மடங்கு. 2018 ஜூலையில் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, இந்த மாதிரி உணவு சாப்பிட்ட நாய்களுக்கு டிசிஎம் என்கிற இதயம் வீங்கிப் பலவீனமாகும் நோய் வருவதாகப் புகார்கள் வந்திருக்கின்றன என்று விசாரணை தொடங்கியது. 2019 ஜூன் அறிக்கையில் 500-க்கும் மேற்பட்ட நாய்கள் கணக்கில் வந்தன, புகாரில் இருந்த உணவுகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் தானியம் இல்லாதவை, பட்டாணியோ பருப்போ சேர்த்தவை. இதுதான் காரணம் என்று அவர்கள் நிரூபிக்கவில்லை, 2022 டிசம்பரில் பொருட்படுத்தத்தக்க புதிய அறிவியல் தகவல் வந்தால் ஒழிய இனி அறிக்கை வெளியிட மாட்டோம் என்று நிறுத்திக்கொண்டார்கள். என் முடிவு எளிது. தானியத்தால் என் நாய்க்கு ஒரு கெடுதலும் இல்லாதபோது, இதயத்தைப் பற்றிய கேள்விக்குறி தொங்குகிற உணவைக் கூடுதல் காசு கொடுத்து ஏன் வாங்க வேண்டும்?

குட்டிகளைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதப்போகிறேன், ஏனென்றால் தமிழ்நாட்டில் நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் கெடுதல் இங்கேதான் அதிகம். லாப்ரடார் குட்டியோ ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டியோ வாங்கும்போது கூடவே ஒரு கால்சியம் டானிக்கையும் கையில் கொடுத்துவிடுவார்கள். காலையில் ஒரு மூடி, ராத்திரி ஒரு மூடி, எலும்பு உறுதியாக வரும் என்று சொல்லி அனுப்புவார்கள். வீட்டுக்கு வருகிற உறவுக்காரர்களும் "கால்சியம் கொடுக்கிறாயா, இல்லாட்டி கால் வளைஞ்சிரும்" என்பார்கள். குட்டி, குட்டிகளுக்கான முழுமையான உணவைச் சாப்பிடுகிறது என்றால் அந்த டானிக் வேண்டவே வேண்டாம். வளர்ந்த நாயின் குடல், கால்சியம் அதிகமானால் உறிஞ்சுவதைக் குறைத்துக்கொள்ளும். சுமார் ஆறு மாதம் வரை குட்டியின் குடலுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது, கொடுத்ததில் பெரும்பகுதி உள்ளே போய்விடும். நெதர்லாந்தின் யூட்ரெக்ட்டில் கிரேட் டேன் குட்டிகளை வைத்து நடந்த ஆய்வுகளில், அதிகக் கால்சியம் கொடுத்த குட்டிகளுக்கு எலும்பும் மூட்டும் கோணலாக வளர்ந்தன. எதைத் தடுப்பதற்காகக் கொடுத்தார்களோ அதுவேதான் வருகிறது. கூடவே துத்தநாகம் உறிஞ்சப்படுவதையும் அதிகக் கால்சியம் கெடுக்கும், தோலும் முடியும் பாழாகும்.

ஆனால் கால் வளைகிற குட்டிகளை நம் ஊரில் நிறையப் பார்க்கிறோமே என்று கேட்டால், அது பெரும்பாலும் சோறும் கோழிக்கறியும் மட்டும் தின்கிற குட்டிகளாக இருக்கும். கறியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு, அரிசியிலும் அப்படித்தான். இரண்டும் சேர்ந்தால் உடம்பு எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவி ரத்தத்துக்குக் கொடுக்கிறது. அந்தக் குட்டிக்குக் கால்சியம் தேவைதான், எவ்வளவு என்று மருத்துவர் சொல்ல வேண்டும். பையைப் பார்த்துக் குட்டி உணவு வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது: வளர்ந்தால் 32 கிலோவைத் தொடக்கூடிய பெரிய இனம் என்றால், "பெரிய இனக் குட்டிகளின் வளர்ச்சிக்கும் ஏற்றது" என்ற வாசகம் அந்தச் சின்ன எழுத்து வாக்கியத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வகைக்கு ஆஃப்கோ கால்சியத்தின் உச்ச வரம்பை 1.8 சதவீதம் என்று வைத்திருக்கிறது, மற்றவற்றுக்கு 2.5 வரை போகலாம். கால்சியத்துக்கும் பாஸ்பரஸுக்கும் உள்ள விகிதம் ஒன்றுக்கு ஒன்று முதல் இரண்டுக்கு ஒன்று வரைக்குள் இருக்க வேண்டும். நல்ல நிறுவனம் இந்த இரண்டு எண்ணையும் பையிலேயே போடும்.

எந்த உணவு என்பதற்கு இணையாக, எவ்வளவு கொடுக்கிறோம் என்பதும் முக்கியம். இதற்கு அமெரிக்காவில் 48 லாப்ரடார் நாய்களை வைத்து, குட்டிப் பருவத்திலிருந்து சாகும்வரை நடத்திய ஆய்வு ஒன்று உண்டு, 2002-ல் வெளியானது. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளை இரண்டு பக்கமாகப் பிரித்து, ஒரு பக்கத்துக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாகக் கொடுத்தார்கள். உணவு ஒன்றேதான். குறைவாகச் சாப்பிட்டவை சராசரியாக 13 வயது வரை இருந்தன, மற்றவை 11.2 வயது. மூட்டு வலியும் தாமதமாகத்தான் வந்தது. கிட்டத்தட்ட இரண்டு வருட ஆயுள்! பையில் அச்சடித்திருக்கிற எந்தப் பெருமையும் இதைக் கொடுக்காது.

எங்கள் வீட்டில் சுந்தரி இருக்கிறாள், நாட்டு நாய், கருத்தடை செய்தது, எடை 15 கிலோ. அவளை வைத்தே கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எடையை 30-ஆல் பெருக்கி 70-ஐக் கூட்டினால் சும்மா படுத்திருப்பதற்குத் தேவையான சக்தி வரும்: 520 கிலோ கலோரி. கருத்தடை செய்த, வீட்டோடு இருக்கிற வளர்ந்த நாய்க்கு அதை 1.6-ஆல் பெருக்க வேண்டும்: 832. அப்புறம் உணவில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பையிலேயே போட்டிருந்தால் நல்லது, இல்லாவிட்டால் மேலே போட்ட கணக்கை எடுத்துக்கொள்ளலாம். புரதத்தையும் மாவுச்சத்தையும் 3.5-ஆலும் கொழுப்பை 8.5-ஆலும் பெருக்கினால், 24-க்கு 84, 42-க்கு 147, 10-க்கு 85, மொத்தம் 100 கிராமுக்கு 316. அப்படியென்றால் ஒரு நாளைக்கு 263 கிராம், இரண்டு வேளையாகப் பிரித்து. இது தொடங்குவதற்கான அளவுதான். இதை வைத்துத் தொடங்கி, மாதம் ஒருமுறை எடை பார்த்து, கூட்டிக் குறைத்துக்கொள்ள வேண்டும். டம்ளரில் அளப்பதைவிடச் சமையலறைத் தராசில் நிறுப்பது நல்லது, டம்ளர் அளவு ஆளுக்கு ஆள் மாறும். பையில் இருக்கிற பட்டியல் எல்லா நாய்க்குமான பொது அளவு, படுத்தே கிடக்கிற நாய்க்கு அது பெரும்பாலும் அதிகம்.

எடை சரியா என்று பார்க்கக் கையே போதும். விலாவின் மேல் விரல்களை ஓட்டினால், அழுத்தாமலே எலும்புகள் தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு உள்வாங்கி இருக்க வேண்டும். சிப்பிப்பாறை, கன்னி வளர்ப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: அவை ஓட்டத்துக்கென்றே ஒல்லியாக அமைந்த இனங்கள், விலா லேசாகக் கண்ணுக்குத் தெரிவதே அவற்றுக்கு இயல்பு. பார்க்கிறவர்கள் "சோறே போடறதில்லையா" என்று கேட்பார்கள் என்பதற்காக அதைக் கொழுக்க வைத்துவிடாதீர்கள்.

சோறு கலப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பாதி ட்ரை ஃபுட், பாதி தயிர் சாதம் என்று பிசைந்து வைப்பது நம் வீடுகளில் வழக்கம். முழுமையான உணவு என்பது அதை மட்டுமே சாப்பிட்டால் சத்துகள் சரியாகக் கிடைக்கும் என்ற கணக்கில் செய்தது. பாதியைச் சோறாக மாற்றினால் தாது உப்பும் வைட்டமினும் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஒரு நாள் கலோரியில் பத்தில் ஒரு பங்கு வரை வெளியிலிருந்து வரலாம் என்பது மருத்துவர்கள் சொல்கிற வரம்பு. சுந்தரிக்கு 83 கலோரி: ஒரு அவித்த முட்டை, அவ்வளவுதான், அல்லது இரண்டு கரண்டி தயிர் சாதம். வெங்காயம் போட்ட குழம்பு, திராட்சை, சாக்லேட், சர்க்கரைக்குப் பதிலாகச் சைலிட்டால் சேர்த்த இனிப்பு எதுவும் எந்த அளவிலும் கூடாது.

இனி, கடையில் லூஸாக விற்கிற உணவு. இதில் நான் சமரசமே செய்துகொள்ள மாட்டேன். இருபது கிலோ மூட்டையைப் பிரித்து டிரம்மில் கொட்டி வைத்து, கேட்பவர்களுக்கு ஒரு கிலோ, அரை கிலோ என்று வெள்ளைக் கவரில் நிறுத்துக் கொடுப்பார்கள். விலை குறைவு, பெரிய மூட்டை வாங்க முடியாதவர்களுக்கு வசதி, அது எனக்கும் புரிகிறது. ஆனால் அந்தக் கவரில் எதுவும் எழுதியிருக்காது. எப்போது செய்தது, எப்போது காலாவதி, எந்த வயதுக்கு, யார் தயாரிப்பு, எதுவும் கிடையாது. மேலே நான் எழுதியது அத்தனையும் அந்தக் கவரின் முன்னால் பயனில்லாமல் போகிறது. ட்ரை ஃபுட் துண்டுகளின் மேல் கொழுப்பைத் தெளித்திருப்பார்கள், நாய்க்கு வாசம் பிடிப்பதே அதனால்தான். மே மாதத்தில் தகரக் கூரைக்குக் கீழே, மூடி சரியாக மூடாத டிரம்மில் அந்தக் கொழுப்பு காற்றுப்பட்டுக் கெடுகிறது. ஒரு துண்டை எடுத்து விரலால் நசுக்கி முகர்ந்து பாருங்கள். நல்லது என்றால் வறுத்த மாவும் கறியும் கலந்த மணம் வரும், விரலில் லேசான பிசுக்கு இருக்கும். கெட்டது என்றால் பழைய எண்ணெய்ப் பலகாரத்தில் வருகிற சிக்கு வாடை, தொண்டையில் நிற்கும். பசியோடு வருகிற நாய்கூட முகர்ந்துவிட்டு நகர்ந்துபோனால் அது கொழுப்பெடுத்துப் போகவில்லை, அதன் மூக்குக்கு நமக்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது.

சிக்கு வாடையாவது மூக்குக்குத் தெரியும். ஈரம் பட்டால் வருகிற பூஞ்சையின் நஞ்சு தெரியாது. மக்காச்சோளம், நிலக்கடலை போன்றவற்றில் உருவாகும் அஃப்ளாடாக்ஸின் வெப்பத்தில் முழுதாக அழிவதில்லை, ஈரலைத் தாக்கும். 2020 டிசம்பர் கடைசியில் அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தின் நாய் உணவு இதற்காகத் திரும்பப் பெறப்பட்டது, அடுத்த மாதத்துக்குள் 110-க்கும் மேற்பட்ட நாய்கள் இறந்ததாக எஃப்டிஏ சொன்னது. அங்கே பையில் அச்சிட்டிருந்த தொகுதி எண்ணை (பேட்ச் நம்பர்) வைத்து எந்தப் பை என்று கண்டுபிடித்து நிறுத்த முடிந்தது. வெள்ளைக் கவரில் தொகுதி எண் எங்கே இருக்கிறது?

வீட்டிலும் இதே கவனம் தேவை. பையைப் பிரித்து டப்பாவில் கொட்டாமல், பையோடு சேர்த்து மூடியுள்ள டப்பாவுக்குள் வையுங்கள், எறும்பும் வராது, தொகுதி எண்ணும் கையில் இருக்கும். பிரித்த பை ஒரு மாதம், மிஞ்சினால் ஒன்றரை மாதத்துக்குள் தீர்கிற அளவில் வாங்குங்கள். 263 கிராம் சாப்பிடுகிற நாய்க்கு மாதம் எட்டு கிலோ ஆகும், தள்ளுபடி என்று இருபது கிலோ வாங்கினால் கடைசிப் பங்கு கெட்டுப்போய்த்தான் வயிற்றுக்குள் போகும்.

விலையை எப்படி ஒப்பிடுவது? பை விலையைப் பார்க்காமல் நாள் விலையைப் பாருங்கள். உதாரணத்துக்கு ஒரு பத்து கிலோ பை 2,400 ரூபாய், 100 கிராமுக்கு 316 கலோரி. இன்னொன்று 3,400 ரூபாய், 400 கலோரி. ஆயிரம் ரூபாய் வித்தியாசம் மலைப்பாக இருக்கும். சுந்தரிக்கு முதலாவதில் 263 கிராம், 63 ரூபாய். இரண்டாவதில் 208 கிராம், 71 ரூபாய். ஒரு நாளைக்கு எட்டு ரூபாய்தான். மலமும் குறையும், அதை அள்ளுகிறவர்களுக்கு அது பெரிய விஷயம். அதே சமயம் விலை கூடியதெல்லாம் தரமானது என்றும் இல்லை. பட்ஜெட் கம்மியா, முழுமையான உணவு என்ற வாசகம் உள்ள சாதாரணப் பையை, புதிதாக, சரியான அளவில் கொடுங்கள், நாய் நன்றாகவே இருக்கும்.

நாய் சொறிந்துகொண்டே இருந்தால் உடனே உணவைக் குற்றம் சொல்லிப் பிராண்டு மாற்றுவது இன்னொரு பழக்கம். நம் தட்பவெப்பத்தில் முதலில் பார்க்க வேண்டியது தெள்ளும் உண்ணியும்தான். உணவு ஒவ்வாமைதானா என்று அறிய, மருத்துவர் சொல்கிற ஒரே உணவை எட்டு வாரம் போல வேறெதுவும் தொடாமல் கொடுத்துப் பார்க்க வேண்டும், ரத்தச் சோதனையில் அது தெரியாது. சிறுநீரகம், ஈரல் சம்பந்தப்பட்ட நோய்களுக்கான உணவுகளை ஆன்லைனில் நாமே தேர்ந்தெடுக்கக் கூடாது.

பையில் கிடைக்காத விவரங்களை நிறுவனத்திடமே கேளுங்கள். வசாவா என்கிற உலகச் சிறுவிலங்கு மருத்துவச் சங்கத்தின் ஊட்டச்சத்துக் குழு, இதற்கென்றே சில கேள்விகளைச் சொல்லித் தருகிறது. உணவுக்கான சூத்திரத்தை வகுத்தவர் யார், விலங்கு ஊட்டச்சத்தில் அவருக்கு என்ன தகுதி, சொந்தத் தொழிற்சாலையா, ஒவ்வொரு தொகுதியையும் என்னென்ன சோதிக்கிறார்கள், கலோரி எவ்வளவு. வாடிக்கையாளர் சேவை மின்னஞ்சல் எல்லாப் பையிலும் இருக்கும். நானும் எழுதிக் கேட்டிருக்கிறேன். ஒரு நிறுவனத்திலிருந்து விலை குறைப்புக் கூப்பன் வந்தது, கேள்விக்குப் பதில் இல்லை. இன்னொரு நிறுவனம் கால்சியம், பாஸ்பரஸ் உட்பட முழு அட்டவணையை அனுப்பி, சூத்திரம் வகுத்தவரின் படிப்பையும் எழுதியிருந்தது. சுந்தரி இப்போது சாப்பிடுவது அந்த இரண்டாவது நிறுவனத்தின் உணவைத்தான்.

புதுப் பையை வாங்கி வந்த அன்றைக்கே முழுதாக மாற்றிவிடாதீர்கள். முதல் இரண்டு நாள் பழையது முக்கால், புதியது கால் பங்கு. அடுத்து பாதிக்குப் பாதி, பிறகு புதியது முக்கால், ஒரு வாரத்தில் முழுதாக. வயிறு லேசாக இளகினால் அந்தக் கட்டத்திலேயே இன்னும் இரண்டு நாள் நிறுத்தி வையுங்கள். மலத்தில் ரத்தம் வந்தாலோ, குட்டி வாந்தியோடு சோர்ந்து படுத்தாலோ உணவு மாற்றத்தால்தான் என்று காத்திருக்க வேண்டாம், பார்வோ என்கிற வைரஸ் நோயாகவும் இருக்கலாம், அன்றைக்கே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.